தகுதி பெற்ற பீப்பாய்

முதலில் ஒரு விடுகதை. நாலு கால் உண்டு, நடக்காது. முதுகு உண்டு, சுளுக்காது. காதருகே வெடி போட்டாலும் திரும்பிப் பார்க்காது. அது என்ன?

மேசை என்று சொல்பவர்கள் அரசாங்க அலுவலகப் படி ஏறாத பாக்கியசாலிகள். சரியான விடை: அங்கீகாரம் பெற்ற சிகிச்சைக் குதிரை.

அன்று காலைவரை பொக்லார்க்காவுக்கும் இது தெரியாது. ஹங்கேரியின் புல்வெளியில், நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்குகிறவள் அவள். சிறுவன் அப்ரிஷ், ரிகோ என்ற குதிரையில் ஒரு சுற்றுப் போய் இறங்கினால் விறைத்த கால்கள் இளகி, அன்றெல்லாம் வலியில்லாமல் நடப்பான். புது விதி வந்தபின் அவன் ஏறவில்லை. இன்று ரிகோ சோதனையில் தேறினால்தான் ஏறலாம்.

சிகிச்சைக் குதிரை எதற்கும் அசையக் கூடாது என்பது விதி. சோதிக்க வந்த ஆலோசகர் கெலெமென், ரிகோவின் முகத்தருகே குடையைப் படாரென்று விரித்தார். ரிகோ குடையை முகர்ந்தது.

"முகருது," என்றார் வருத்தத்துடன்.

"குதிரைன்னா முகரத்தானே செய்யும், ஐயா."

"விதியில அதுக்கு இடமில்லம்மா."

அடுத்து ஒரு பலூனை ஊசியால் குத்தி வெடிக்கவைத்தார். ரிகோ முழங்காலை மடக்கித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"விழுந்துருச்சு."

"விழல ஐயா, படுத்திருக்கு. குதிரை மேய்க்கிறவங்ககிட்ட வளர்ந்தது. சாட்டைச் சத்தம் கேட்டா படுக்கணும்னு பழக்கியிருக்காங்க. அந்தக் காலத்துல எதிரி கண்ணுல படாம இருக்க."

"இப்ப எதிரி யாரு இருக்கா?"

பொக்லார்க்கா அவரையே பார்த்தாள்.

ரிகோ எழுந்து உதறிக்கொண்டது. கெலெமெனின் பார்வை மூலைக்குப் போனது. அங்கே நாலு மரக்கால் அடித்த பீப்பாய் ஒன்று, சேணத்தோடு நின்றது. புதுப் பிள்ளைகள் ஏறி இறங்கிப் பழக வைத்திருந்தது. அதன் முன்னும் குடையை விரித்தார். இன்னொரு பலூனை வெடிக்கவைத்தார்.

"எவ்வளவு அடக்கமான சுபாவம்."

"ஐயா, அது பீப்பாய்."

"அது அதோட இனம். இனத்தைப் பத்தி விதி ஒண்ணும் சொல்லல. தடுப்பூசி?"

"கரையான் மருந்து அடிச்சிருக்கு."

"போதும். தீனி?"

"ஒண்ணும் திங்காது."

"சிக்கனம் வேற," என்று மெச்சி, பீப்பாய்க்குத் தகுதி வழங்கினார்.

எதுவுமே இல்லாததற்கு இதாவது கிடைத்ததே என்று, வேலியோரம் மகனோடு நின்ற அப்ரிஷின் அம்மா கை தட்டினாள். பொக்லார்க்காவும் பீப்பாய்க்கு ஒரு நாடா கட்டி, எல்லோருக்கும் பழச்சாராயம் ஊற்றினாள்.

"வாப்பா தம்பி, உன் குதிரை தயார். நீயே ஏறிக்கலாம்," என்றார் கெலெமென்.

அப்ரிஷ் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, கெலெமென் ஊசியும் பலூனும் வைத்திருந்த மேசைக்குப் போனான். மிச்சமிருந்த பலூனை ஊசியால் குத்தினான்.

கெலெமெனின் கோப்பை உடைந்தது. அம்மா வேலியைத் தொற்றிக்கொண்டாள். பொக்லார்க்கா பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கினாள். ரிகோ முழங்காலை மடக்கிப் படுத்தது.

அப்ரிஷ் நடைச்சட்டத்தை விட்டுவிட்டு ரிகோவின் முதுகில் ஏறிக்கொண்டான்.