மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு: நன்று

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலமாகத்தான் இருப்பீர்கள். சென்ற மாதம் போனில் நீங்கள் என்னைப் பேசிய பேச்சில் இருந்த தெம்பே அதற்குச் சாட்சி. அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள், வெளிநாடு போய்விட்டாள்.

இந்த வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில் வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். பிற்பகல் விமானம். லிஃப்ட் பிரேக்குகளைச் சோதிக்கிற ஒரு கூடத்தில் ஆறு மாதப் பயிற்சி. இடத்தை அவளே தேடினாள். நான் செய்தது பெட்டி கட்டியது மட்டும்தான். கட்டியதை மூன்று தடவை பிரித்துச் சரிபார்த்தேன். பாஸ்போர்ட்டை யாரையும் நம்பி விடாமல் என் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் நானே எடுத்து அவள் கைப்பையில் போட்டேன். முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவன், மச்சான். என் கையில் ஒரு பொருள் தவறாது. வண்டி திரும்பி மறைந்தபோது கண் கலங்கவும் இல்லை. உங்கள் தங்கை கலங்கினாள். நான் பின்சக்கரத்தில் காற்று போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத உட்கார்ந்ததும் மேசை ஆடியது. எப்போதும் ஆடுகிற மேசைதான். சட்டைப்பையிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, குனிந்து, தடவிப் பார்த்தே இடது பின்காலுக்கு அடியில் கொடுத்தேன். கம்பெனி தருகிற புத்தகம், கையகலம், கருநீல அட்டை. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. இப்போது மேசை பாறை மாதிரி நிற்கிறது. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

விவரத்துக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் முடித்த பிள்ளைகள் ஆறு மாதம் எங்காவது வேலை பழக வேண்டும், இடத்தை அவர்களேதான் தேடிக்கொள்ள வேண்டும், மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும், பதியாவிட்டால் ஒரு வருடம் போச்சு. மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டார்கள், இவள் மட்டும் பிரேக்கை உடைத்துப் பார்க்கிற இடம்தான் வேண்டும் என்றாள், இங்கே எல்லாரும் பிரேக்கை மாட்டத்தான் செய்கிறார்கள், உடைத்துப் பார்ப்பது அங்கேதானாம், நாற்பத்து மூன்று இடங்களுக்கு எழுதினாள், பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் போடாமலே இருந்திருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் ஒரு சொல் மட்டும் பழகிவிட்டது, அன்ஃபார்ச்சுனேட்லி, நீளமான சொல், கடிதம் திறந்ததும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றாலே தூரத்திலிருந்து தெரிந்துவிடும், நான் பேசாமல் போய் டீ போட அடுப்பைப் பற்ற வைப்பேன். ஒரு நாள் அவளே சொன்னாள். "அப்பா, நீங்க பாத்திரத்தை எடுக்கிற சத்தத்திலயே பதில் என்னன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சு போகுது."

அந்தச் சமயத்தில்தான் உங்கள் போன்.

எங்கள் கட்டட லிஃப்ட் என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு மாடியாகக் கதவுப் பூட்டைத் துடைத்து, திருகாணியை இறுக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு திருகாணியைப் பாதி இறுக்கியிருந்தபோது போன் அடித்தது. உங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருவதாகவும், ஆறு மாதம் வந்து உட்கார்ந்தால் கையெழுத்தும் முத்திரையும் தயார் என்றும் சொன்னீர்கள். பெரிய மனசு. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சொன்னீர்கள்.

"முப்பது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டிருக்கீங்க மாப்பிள்ளை. முன்னாடி எப்போ போவீங்க?"

நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நாலாம் மாடிக்குப் போய்விட்டேன்.

வீட்டில் வந்து உங்கள் யோசனையைச் சொன்னேன். சிரித்ததை மட்டும் சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. உங்கள் மருமகள் நிமிராமலே, மாமா ஆபீஸில் ஆறு மாதம் உட்கார்ந்தால் மாமாவின் கையெழுத்தைத்தான் நன்றாகப் படிப்பேன் என்றாள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கையெழுத்து யாருக்குமே புரியாது என்பது உங்கள் தங்கையின் கருத்தும்கூட.

மறுநாள் நேர்காணல். நாற்பத்து நாலாவது இடம். திரை வழியாக, பிற்பகல் மூன்று மணிக்கு. மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

எங்கள் உள்ளறை எவ்வளவு என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பின்னால் அந்த அலமாரி தெரியும். அலமாரிக் கதவு தானாகத் திறக்கும். உள்ளே போர்வைகளும் என் பழைய மோட்டாரும் இருக்கின்றன. ஆகவே நான் படத்தில் விழாமல் ஓரமாக நின்று, கையை நீட்டி, கதவை ஒரு விரலால் அழுத்திக்கொண்டேன். முக்கால் மணி நேரம். திரையில் ஓர் அம்மா. நரைத்த தலை, என் வயது இருக்கும். சிரிக்கவே இல்லை. கேள்வி கேட்பார், எழுதுவார், மறுபடி கேட்பார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சொல் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. விரல் மரத்துப்போனது.

முடிந்ததும் நம் பிள்ளை எழுந்தாள். கை கூப்பினாள். பதற்றத்தில் தமிழை அப்படியே இங்கிலீஷாக்கிவிட்டாள்.

"ஐ வில் கோ அண்ட் கம்."

போயிட்டு வரேன். வேறு என்ன சொல்வாள்? நம் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லி வாசல் தாண்டியதில்லை, நீங்கள் என் மேல் கோபித்துக்கொண்டு போனபோதுகூட 'வரேன்' என்றுதான் கோபித்தீர்கள். அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? வருகிறேன் என்றாளே, வருவாள் என்று திரையை அணைக்காமல் இருந்தார். இவளும் அணைக்கவில்லை, பெரியவர்கள் வைப்பதற்கு முன்னால் வைக்கக் கூடாது என்று உங்கள் தங்கை பழக்கியிருக்கிறாள். மூச்சு முட்டுகிறது, கீழே போய் நாலு சுற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று என்னிடமும் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டாள். இந்தப் பக்கம் மரியாதை, அந்தப் பக்கம் மரியாதை. நடுவில் நான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து விரலை எடுத்தேன். அலமாரி திறந்தது. போர்வைகள் விழுந்தன. நான் பனியனோடு நடு அறைக்கு வந்து, கையை உதறிக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்து, அந்தம்மா மூஞ்சியப் பாத்தா இது நாற்பத்து நாலுதான், அடுப்பைப் பத்த வை என்று சத்தமாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஹலோ என்று ஒரு குரல்.

அந்த நேரத்தில் கட்டடம் முழுக்க மணி அடித்தது. லிஃப்டின் அபாய மணி.

எனக்கு அந்த மணியின் அர்த்தம் தெரியும். யார் உள்ளே என்பதும் தெரியும். அந்த அம்மா என்னமோ கேட்டார். கமிங் என்றேன். மறுபடி கேட்டார். கமிங் கமிங் என்றேன். ஒரு கையைப் பெட்டியாகவும் இன்னொரு கையைக் கதவாகவும் வைத்து நடுவில் நின்றுவிட்டதைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது, மச்சான். முதல் தடவையாக முகம் மாறியது. ஓடு என்று கையைக் காட்டினார். விருந்தாளியைத் தனியாக விட்டுப் போகக் கூடாதே என்று உங்கள் தங்கையைக் கூப்பிட்டுத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பதினோரு நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். சும்மா இருக்க முடியாமல் இவள் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாளாம். "பாவம், வேர்த்திருந்துச்சு" என்கிறாள். திரையிலா அந்த அம்மாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

மேலே லிஃப்ட் மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்தினேன். பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை இரண்டாம் மாடிக்கு இறக்கினேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறேன். அந்தச் சக்கரம் அன்றைக்கு இருந்த கனம் என்றைக்கும் இருந்ததில்லை.

கதவைத் திறந்து வந்தவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. "மூணாவது மாடிப்பா" என்றாள். அவ்வளவுதான். படியேறி நேராகத் திரை முன்னால் போய் உட்கார்ந்து, வருகிறேன் என்றேன், வந்துவிட்டேன், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஆரம்பித்தாள்.

இனி வருவதை அவள் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள். என்ன ஆயிற்று என்று அந்த அம்மா கேட்டார். இவள் சொன்னாள்: விளக்கு எரிந்தது, ஆகவே மின்சாரம் இருந்தது. தீய்ந்த வாடை இல்லை, ஆகவே மோட்டார் சரி. பிரேக் சுத்தமாகப் பிடித்தது. மூன்றாம் மாடியைத் தாண்டுகிற அந்த நொடியில் டக் என்று ஒரு சத்தம். அந்த மாடிக் கதவுப் பூட்டில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, அதிர்வில் பூட்டின் மின்தொடர்பு விட்டு லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே இருட்டுப் பெட்டியில் நின்றபடி இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். இருட்டு இல்லை, விளக்கு எரிந்தது. நான்தான் இருட்டாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். கடைசியாக அதைச் சரிபார்த்தது யார்?

நான் கதவருகே நின்றிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"மை ஃபாதர். எஸ்டர்டே."

அது எனக்கே புரிந்தது.

அன்று மாலை சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்து. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு: நன்று. முப்பது வருடத்தில் என் வேலையில் இதுதான் தப்பு என்று பெயர் சொல்லிச் சுட்டியவர் யாரும் இல்லை. கம்பெனி சொன்னதில்லை, குடியிருப்பவர்கள் சொன்னதில்லை. நீங்கள்கூட மேலும் கீழும் என்று பொதுவாகத்தான் சொல்வீர்கள். என் பிள்ளை எந்த மாடி, எந்தத் திருகாணி என்று சொன்னாள். தனக்கு வேலை போனாலும் போகட்டும் என்று சொன்னாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. நெஞ்சு புடைத்துத்தான் இருந்தது.

ஆறாம் நாள் பதில் வந்தது. அவள் தோளுக்குப் பின்னால் நின்று அந்த நீளச் சொல்லைத் தேடினேன். இரண்டு தடவை தேடினேன். இல்லை. கடைசியில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். 'எங்கள் கட்டடத்திலும் மூன்றாம் மாடிப் பூட்டைச் சரிபார்த்துவிட்டோம். பயமில்லாமல் ஏறி வரலாம்.' நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன், பழக்கதோஷம். உங்கள் தங்கை பாத்திரச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே மச்சான், உங்கள் நாற்காலிக்கு நன்றி. அது தேவைப்படவில்லை. முன்னாடி எப்போது போவேன் என்று கேட்டீர்களே, போயாகிவிட்டது. நான் இல்லை, என் மகள். எங்கள் குடும்பம் யார் தயவிலும் இல்லை என்பதை இதன்மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு விதத்தில் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அன்றைக்கு நீங்கள் போன் செய்யாமல் இருந்தால் அந்தத் திருகாணியை ஒழுங்காக இறுக்கியிருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் ஏற்ற இறக்கம் இல்லாமல், நடுவில் நிற்காமல், நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெருமையுடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அழைப்பு மணி அடித்தது. திறந்தால் உங்கள் மருமகள். போயிட்டு வரேன் என்றாள், வந்துவிட்டாள். பேருந்து நிலையத்தில் எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்று கைப்பையைத் திறந்திருக்கிறாள். உள்ளே கருநீல அட்டை. பிரித்தால் மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு: நன்று.

நான் பெட்டி இருந்த இடம், கட்டில், சமையலறை எல்லாம் தேடினேன். அவள் வாசலிலேயே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மேசை ஏன்பா ஆடல?"

குனிந்து எடுத்தாள். பாஸ்போர்ட் அட்டையில் மேசைக்கால் வட்டமாகப் பதிந்திருக்கிறது. படத்தில் படவில்லை.

இன்றைய விமானத்தை இனிப் பிடிக்க முடியாது. அவளே போனில் பேசி நாளைக் காலை விமானத்துக்கு மாற்றிக்கொண்டாள். விமான நிலையம் உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். இன்று அவள் அங்கே தங்க வேண்டும், காலையில் நீங்கள்தான் அழைத்துப்போய் விட வேண்டும். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், மறுபடி எழுத நேரமில்லை. யார் தயவிலும் இல்லை என்ற வரியையும் உங்கள் கையெழுத்தைப் பற்றிய இடத்தையும் மட்டும் படிக்காமல் விட்டுவிடவும்.

பாஸ்போர்ட்டை இந்த முறை உங்கள் தங்கை வைத்தாள். நான் தொடவில்லை. "போயிட்டு வரேன்னு உங்ககிட்ட சொல்லவே பயமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். இதை முடித்துக் கொடுத்தால் கிளம்பிவிடுவாள்.

மேசை மறுபடி ஆடுகிறது. கடைசி நாலு வரி கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.