உஷ் அண்ணன் நிறுத்திய பஸ்

கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் பஸ் ஹாரனை விடப் பெரிய சத்தம் ஒன்று உண்டென்றால், அது "சத்தம் போடாதீங்க" என்று உஷ் அண்ணன் போடும் சத்தம்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் கடை போர்டில் இருந்தது. நாங்கள் யாரும் படித்ததில்லை.

செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம் அது. சென்னை கம்ப்யூட்டர் கம்பெனிகள் முதல் இண்டர்வியூவை போனிலேயே வைத்துவிடும். சுற்றுவட்டாரத்தில் இன்ஜினியரிங் முடித்த அத்தனை பேரும் விண்ணப்பத்தில் எழுதுவது உஷ் அண்ணன் பூத் நம்பரைத்தான். ஒருமுறை மயிலம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஹாரன் சத்தத்தில் கேள்வியே காதில் விழாமல் வேலையைக் கோட்டை விட்டாள். அன்றைக்குப் பிடித்தது அண்ணனுக்கு இந்தக் கிறுக்கு. இண்டர்வியூ என்றால் டீக்கடையில் ரேடியோ பாடக் கூடாது. பஞ்சர் கடையில் சுத்தியலைத் தொடக் கூடாது. பஸ் ஜன்னலில் வேர்க்கடலையை "மல்லாட்டை, மல்லாட்டை" என்று கூவி விற்கும் அஞ்சலை அக்கா, வாயைத் திறக்காமல் பொட்டலத்தை ஆட்டிக் காட்டியே விற்க வேண்டும்.

போனில்தான் பேசப்போகிறோம் என்றாலும், குளித்து ஷூ மாட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்.

"செருப்பு போட்டுக்கினு பேசினா குரல்லயே தெரிஞ்சுடும்டா."

ஃபேனையும் நிறுத்திவிடுவார். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நாங்கள் இட்லி மாதிரி வெந்தோம்.

என் முறை வந்தது. படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதுவும் போனால் சித்தப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நாலைந்து கேள்விகளுக்குத் தட்டுத்தடுமாறி பதில் சொல்லியிருப்பேன், அந்த நேரம் பார்த்து திண்டிவனம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. உஷ் அண்ணன் ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"யோவ், வழி வுடுய்யா. டைம் ஆவுது" என்றார் டிரைவர்.

"உஷ்... இன்ஜினை ஆஃப் பண்ணு. உள்ள புள்ள இண்டர்வியூ பேசிக்கினு இருக்கான்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"இன்னும் நாலு கேள்வி."

டிரைவருக்கு என்ன தோன்றியதோ, இன்ஜினை நிறுத்திவிட்டார். ஒரு பஸ் ஜனமும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தது. சென்னை அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். பாதி தெரிந்த கேள்வி. யோசித்தேன். கூட்டு ரோடே மூச்சு விடவில்லை. அத்தனை நிசப்தத்தில் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி போனை வைத்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உஷ் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"நாந்தான்டா கெடுத்துட்டேன்" என்றார்.

பிறகு போனின் காலர் ஐடியில் விழுந்திருந்த நம்பரை அவரே அழுத்தினார். பத்தாவது தாண்டாதவர், இங்கிலீஷில் பேசினார்.

"சார், லைன் ஓகே. பாய் திங்கிங்."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ரிசீவரை என் கையில் திணித்தார். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் நான் யோசித்தேன். அண்ணன் ஒரே தாவலில் வெளியே போய் டிரைவரிடம் கெஞ்சினார்.

"அடிப்பா, ஜல்தியா ஹாரனை அடி. லைன் உயிரோட இருக்குதுன்னு அவருக்குத் தெரியணும்."

எனக்குப் பதில் பிடிபடும் வரை திண்டிவனம் பஸ் விட்டு விட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று அந்த அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாருப்பா அவரு?" என்பதுதான்.

"எங்க அண்ணன் சார்" என்றேன். கூடப் பிறக்கவில்லை என்பதைச் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது போனில் இண்டர்வியூ எடுப்பவன் நான். எதிர்முனை அமைதியானால் வைத்துவிடுவதில்லை. "பரவால்லப்பா, யோசிச்சே சொல்லு" என்று காத்திருப்பேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டுவிட்டால் எனக்கே ஒரு தெம்பு வரும். பையனுக்காக வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.