ஒன்பது வயிறுகளின் தேசத்தொண்டு

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்குச் சிலை உண்டு. வயிற்றைக் கொடுத்தவர்களுக்கு? கொஃபொரிடுவா நகரத்து 'உள்நாட்டுச் சாக்லேட் ஊக்குவிப்புக் குழு'வின் ஒன்பது உறுப்பினர்களை நினைத்தால் மான்சாவுக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது. டிசம்பர் மாதத்துத் தூசிக்காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மான்சாவின் சாக்லேட் கடையில் கொக்கோ விதையை வறுப்பது, தோல் நீக்குவது, அரைப்பது, அச்சில் ஊற்றுவது, காகிதம் சுற்றுவது எல்லாம் இரண்டே பேர். அவளும் அவளுடைய கூட்டாளி ஃபௌசியாவும். ஆண்டு முடிவில் அரசு ஊழியர்களுக்குக் கொடுக்கும் அறுநூறு கிறிஸ்துமஸ் கூடைகளிலும் சாக்லேட் உண்டு. அந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் ஜனவரியில் கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் சிமென்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஆர்டர் கொடுக்கும் அதிகாரம் குழுவிடம். அவசரப்பட்டுக் கொடுத்துவிட முடியுமா?

"பிப்ரவரி சாக்லேட் வேற, ஏப்ரல் சாக்லேட் வேற மேடம்" என்றார் தலைவர் ஓட்டூ-டார்கோ. "எல்லாப் பண்டிகைக்கும் சாப்பிட்டுப் பாத்தாத்தான் ஒரு முடிவுக்கு வர முடியும்."

அந்த ஊரில் பண்டிகை வந்துவிட்டால் வழியில் போகிறவன்கூட "என் கிறிஸ்துமஸ் எங்கே?" என்று சிரித்தபடி கை நீட்டுவான். "போய்யா" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். குழு அப்படியெல்லாம் கேட்காது. முத்திரை வைத்த கடிதம் அனுப்பும்: 'மாதிரிகள் சமர்ப்பிக்கவும்.'

பிப்ரவரி பதினான்கு, நாடே சாக்லேட் தினம் கொண்டாடும் நாள். இருநூறு துண்டுகள் சமர்ப்பிக்கப்பட்டன. "கருத்து?" என்று கேட்டார் செயலாளர். "இன்னொண்ணு சாப்பிட்டாத்தான் சொல்ல முடியும்" என்றார் தலைவர். அதுவே தீர்மானமாக நிறைவேறியது.

ஈஸ்டருக்கு ஊரே க்வாஹு மலைக்குக் கிளம்பியது. குழுவும் கூட்டத்தை மலைக்கு மாற்றிக்கொண்டது. வெயிலில் உருகுகிறதா என்று ஆராய வேண்டுமாம். மான்சா ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேனில் இடிபட்டு ஏறிப் போனாள். சாக்லேட் உருகவில்லை. அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

அடுத்து நோன்புப் பெருநாள். அதற்கென்று ஒரு துணைக்குழு.

"முப்பது நாள் பட்டினி கிடந்தது நானு, பெருநாள் கொண்டாடுறது அவங்களா?" என்றாள் ஃபௌசியா. "அக்கா, இவங்க ஆர்டர் தர மாட்டாங்க. ஏப்பம்தான் தருவாங்க."

"சும்மா இருடி. கெட்டது பேசாத" என்று அதட்டினாள் மான்சா. சொல்லிவிட்டு, அடுத்த மாதிரிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள்.

டிசம்பரில் முடிவு வந்தது. கூடைகளுக்குத் தங்கக் காகிதம் சுற்றிய வெளிநாட்டுச் சாக்லேட். மான்சா மூச்சிரைக்க அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ருசியில என்ன குறை, சேர்மன்?"

"சேச்சே! குறையா? பிரமாதம்!" தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "ஆனா, உங்க சாக்லேட்டை நாங்க ஒன்பது பேரும் சாப்பிட்டாச்சே மேடம். சாப்பிட்ட பண்டத்தையே திரும்பப் பரிசா குடுத்தா என்ன மரியாதை? நீங்களே சொல்லுங்க."

மான்சாவுக்கு வயிறு எரிந்தது. அந்த அலுவலகத்தில் அன்று காலியாக இருந்த ஒரே வயிறும் அதுதான்.

ஆனாலும் குழு நன்றி மறக்கவில்லை. ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றிச் சால்வை போர்த்தியது. அறிக்கை வாசிக்கப்பட்டது: 'இவ்வாண்டு இக்குழு ஆயிரத்து நூற்று நாற்பது உள்நாட்டுச் சாக்லேட்டுகளுக்கு நேரடி ஆதரவு நல்கியது.' கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

"ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று மைக்கை நீட்டினார் தலைவர்.

"எண்ணிக்கை சரிதான், சேர்மன். ஒண்ணுகூட வீணாகல" என்றாள் மான்சா. "ஆனா பெரிய விஷயத்தை விட்டுட்டீங்க. ஒன்பதே பேரு, ஒரே வருஷத்துல, ஒரு கடையையே முழுசா சாப்பிட்டு முடிச்சீங்க. அதையும் எழுதிக்கோங்க."

செயலாளர் பணிவோடு அதையும் 'சாதனைகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்.