திருஷ்டிக்குக் கட்டிய சாம்பிள் ஷூ

ஆம்பூர்,
புதன்கிழமை.

மரியாதைக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய தாய்மாமன் தனகோடி அவர்களின் சமூகத்துக்கு, அவருடைய அக்கா விஜயகுமாரி பெற்ற ஒரே பிள்ளையும், அதனாலேயே வீட்டுத் திட்டுகள் அனைத்துக்கும் ஏக வாரிசுமான ஜெயப்பிரகாஷ் கைகால் கழுவி உட்கார்ந்து எழுதிக்கொண்டது. சத்துவாச்சாரியில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அம்மா சுகம், அப்பா சுகம். என் சுகம் மட்டும் நீங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

முதற்கண் ஒரு துயரச் செய்தி. நமது குடும்ப மிக்சியின் மூடி, நெடுநாளாக விரிசல் நோயால் அவதிப்பட்டு வந்த நிலையில், சென்ற வாரம் தேங்காய்ச் சட்னிப் பணியின்போது திடீரென மேலெழுந்து, மின்விசிறியைத் தொட்டு, நம்மைவிட்டுப் பிரிந்தது. சட்னி நான்கு சுவரிலும் அஞ்சலி செலுத்தியது. அம்மா ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். அதற்குப் பிறகு இல்லை. இப்போது மிக்சியைச் சாப்பாட்டுத் தட்டால் மூடி, தட்டை நான் அழுத்திப் பிடிக்க, அம்மா அரைக்கிறார். பிளஸ் ஒன் முடிப்பதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நீங்கள் அத்தையிடம் பெருமையாகச் சொல்லலாம்.

இரண்டாவது செய்தி, நான் நீதிபதி ஆகிவிட்டேன். சிரிக்க வேண்டாம். எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடு, மூன்று மதம், ஒரே தண்ணீர்த் தொட்டி. கீழே நாங்கள், பக்கத்தில் நாங்கள் காலா, அதாவது உருதுவில் சித்தி, என்று கூப்பிடும் அக்தரி பேகம், மாடியில் அன்னம்மாள் ஆன்ட்டியும் அவர் மகள் ஜாஸ்மின் அக்காவும். இவர்களில் யார் சாமி நிஜம் என்று எனக்கும் காலாவின் மகன் ஆமிருக்கும் ஒருநாள் கிரிக்கெட்டுக்கு நடுவில் தகராறு வந்தது. நான் ஒன்றையும் நம்பாதவன் என்பதால் நடுவர் பதவி எனக்கே வந்தது. சாமி உண்டா இல்லையா என்கிற வழக்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை மாமா, அது மேல்கோர்ட்டு வழக்கு, அங்கே போனவர் யாரும் தீர்ப்போடு திரும்பி வந்ததில்லை. என் கோர்ட்டில் ஒரே கேள்விதான். இந்த நம்பிக்கை ஆளை என்ன செய்கிறது, பக்கத்து வீட்டுக்காரரை என்ன செய்கிறது?

முதல் வழக்கு அப்பா. அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவார். மற்ற நாளில் மாலையில் எங்கே போவார் என்பது உங்களுக்குத் தெரியும், உங்களையும் சில நாள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று அம்மா சொல்கிறார். அந்த ஒரு மண்டலம் என்னைக்கூட “சாமி, படிச்சியா சாமி” என்றுதான் கேட்பார். பூனையும் சாமி, பால்காரரும் சாமி. மாலையைக் கழற்றிய மறுநாள் நான் சாமியிலிருந்து சனியனாகப் பதவி இறக்கப்பட்டேன். தீர்ப்பு: நம்பிக்கை நல்லது, காலம்தான் கம்மி. இரண்டாவது வழக்கு காலாவின் நோன்பு. பகலெல்லாம் அவர் பட்டினி, சாயங்காலமானால் எங்களுக்குத் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி. அவர் இளைக்கிறார், நான் குண்டாகிறேன். தீர்ப்பு: எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. மூன்றாவது அன்னம்மாள் ஆன்ட்டியின் சனிக்கிழமை ஜெபக்கூட்டம். அதில் மைக் உண்டு. போன மாதம் அந்த மைக்கில் அவர் கண்ணீரோடு, “கணக்கிலே பலவீனமாயிருக்கிற எங்கள் தம்பி ஜெயப்பிரகாஷை பெலப்படுத்தும்” என்று வேண்டிக்கொண்டார். என் கணக்கு மார்க் அதுவரை எனக்கும் சாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அன்று பேரணாம்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. தீர்ப்பு: அன்பு சரி, சத்தம் ஜாஸ்தி.

இப்படித் தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டு போனதில் எனக்கு ஒரு சட்டம் பிடிபட்டது. நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. அதை நம்புகிறவரே கொடுத்தால் அது நல்ல நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டினால் கெட்ட நம்பிக்கை. இதை ஆமிரிடம் சொன்னபோது, “டேய், நீயா சொன்ன இத?” என்று இரண்டு தடவை கேட்டான். அந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மாமா, சனிக்கிழமை உங்கள் போன் வந்தது.

எங்கள் தெருமுனையில் எழும்பிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான், கண் பட்டுவிடும், காங்கிரீட் போடுவதற்குள் பழைய செருப்பு ஒன்றை எலுமிச்சம்பழம் மிளகாயோடு கட்டித் தொங்கவிடு என்று நீங்கள் சொன்னீர்கள். செருப்பு நம்பிக்கைக்கு என் கோர்ட்டில் மரியாதை கிடையாது என்று சொல்ல நினைத்தேன், ஆனால் தீபாவளிக்கு டிரஸ் எடுத்துத் தருபவர் நீங்கள் என்பதால் சரி மாமா என்றேன். ஊரில் வேறு எது இல்லாவிட்டாலும் செருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்றைக்கென்று வீட்டில் இருந்த செருப்பெல்லாம் ஜோடியாக இருந்தன, எல்லாம் யார் காலிலாவது இருந்தன. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை கண்ணில் பட்டது. உள்ளே ஒற்றைக்கால் ஷூ, முன்பக்கத் தையல் பாதியில் நின்றிருந்தது. ஜோடி இல்லை, தையலும் முடியவில்லை, ரிஜெக்ட் பீஸ்தான் என்று முடிவு செய்தேன். நீதிபதி அல்லவா, சாட்சி விசாரிக்கவில்லை. சாரத்தில் ஏறி, உங்கள் பால்கனிக்கு மேலே, எலுமிச்சம்பழத்துக்கு நேர் கீழே அதைக் கட்டிவிட்டு வந்தேன்.

மற்ற ஊராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். திருஷ்டிச் செருப்பை யார் நின்று பார்ப்பார்கள்? இது ஆம்பூர் மாமா. ஞாயிற்றுக்கிழமை லீவு நாள், கட்டிங் செக்‌ஷன்காரர், தையல்காரர், ஃபினிஷிங்காரர் எல்லாரும் பிரியாணி வாங்க அந்த வழியாகத்தான் போனார்கள். ஒருவர் நின்றார். அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது ஆள் நின்றார். கொஞ்ச நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு குவாலிட்டி செக்கிங் டிபார்ட்மென்ட்டே நின்றது. தோல் கன்றுக்குட்டித் தோலா என்று ஒரு சண்டை, கைத்தையலா மெஷினா என்று ஒரு சண்டை. “இவ்ளோ ஃபைன் லெதர்ல எவன்டா திருஷ்டி கட்னது” என்று ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். கண் படக்கூடாது என்று கட்டியதற்கு அரை ஊரின் கண் பட்டது. மதியத்துக்குள் அந்தப் படம் ஜாஸ்மின் அக்கா வேலை செய்யும் ஃபேக்டரி மேனேஜரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏனென்றால் அது ரிஜெக்ட் இல்லை, சாம்பிள். சாம்பிள் ஷூ ஒற்றைக்கால்தான் போடுவார்கள் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த நேரத்தில் மட்டும் தெரியவில்லை. முன்பக்கக் கைத்தையலை வீட்டில் முடித்துக்கொண்டு வருகிறேன் என்று மேனேஜரிடம் அனுமதி கேட்டு அக்கா எடுத்து வந்தது. மாடிக் கூரை ஒழுகுகிறதே என்று அதை எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார். பத்திரம்! திங்கட்கிழமை ஆர்டர் கொடுக்கிற பையர் வந்து அதைப் பார்த்து ஓகே சொன்னால் அக்கா சாம்பிள் ரூம் சூப்பர்வைசர். அவர்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது அக்காவுடையது மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஷூவை இறக்கியபோது எலுமிச்சைச் சாறு சொட்டிச் சொட்டித் தோலில் வெள்ளைத் தேமல் விழுந்திருந்தது. பையர் வேறு மாடலைப் பார்த்துவிட்டு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டார். அக்காவைச் சாம்பிள் ரூமிலிருந்து எடுத்து, பிசிறு நூல் வெட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பெனிச் சரக்கை வெளியே விட்டாள் என்று பேச்சு. திருஷ்டிக்குக் கட்டியது திருட்டில் போய் நின்றது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். திங்கட்கிழமையே நான் நேராக ஃபேக்டரிக்குப் போனேன். மேனேஜர் ரூம் கதவைத் தட்டினேன். “சார், அந்த ஷூவை எடுத்தது நான், கட்டியது நான், ஜாஸ்மின் அக்காவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை” என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. சாமிக்குப் பயந்தா, நரகத்துக்குப் பயந்தா? இல்லை. எதையும் நம்பாத ஒருவன் நியாயத்துக்காக மட்டும் வந்திருக்கிறான் என்பதைக் கண்டு மேனேஜர் வியந்துபோனார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முதுகில் தட்டி, “உன் மாதிரி பையன் ஊருக்கு ஒருத்தன் போதும்” என்றார். அது அம்மாவும் அடிக்கடி சொல்வதுதான், வேறு அர்த்தத்தில். ஜாஸ்மின் அக்காவும் மறுபடி சாம்பிள் ரூமுக்கே போய்விட்டார். ஆகவே தங்கள் மருமகனைக் குறித்துத் தாங்கள் பெருமைப்படலாம்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம், அது என் பேனாவைத் திருப்பித் தந்தால் இன்னொன்று. எல்லாச் சாமிகளும், எந்தச் சாமியும் இல்லாதவர்களின் நல்ல மனசும், தங்கள் புது வீட்டைத் தோல் பொருள் எதுவும் இல்லாமலே காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்
ஜெயப்பிரகாஷ்
(நீதிபதி)

பி.கு.: மாமா, நாற்காலி, டீ, முதுகுல தட்னது எதுவுமே நடக்கல. மேனேஜர் ரூம் கதவு உள்ள தொறக்குமா வெளிய தொறக்குமான்னுகூட எனக்குத் தெரியாது. கேட் வரைக்கும் போனேன், அது நெஜம். நேத்து வாட்ச்மேன் “இன்னா வோணும்”னு கேட்டார். தண்ணி வேணும்னேன். குடிச்சிட்டு வந்துட்டேன். இன்னிக்கும் போனேன். இன்னிக்கும் தண்ணிதான் கேட்டேன்.

ஞாயித்துக்கெழமை ஃபேக்டரி ஆள் உங்க வீட்டு வாசல்ல வந்து விசாரிச்சப்ப, நாய் தூக்கினு வந்திருக்கும்னு சொன்னது நான்தான். “நாய் சாரம் ஏறி முடிச்சு போடுமாடா”ன்னு அவர் கேட்டார். பக்கத்துல ஜாஸ்மின் அக்கா நின்னுனு இருந்தாங்க. அவங்களுக்கு யாருன்னு தெரியும். சணல் பத்தாததால நான் என் ஸ்கூல் ஐ.டி. கார்டு கயிறைச் சேத்துத்தான் கட்டியிருந்தேன், ஸ்கூல் பேரே போட்ட நீலக் கயிறு. அந்த ஆள் வர்றதுக்கு முன்னாடியே அவங்க சாரத்துல ஏறி ஷூவை அவுத்து, கயிறை உள்ளங்கையில சுருட்டிக்கினாங்க. நான் நாய்க் கதை சொல்லி முடிச்சதும் அவர்கிட்ட, “நான்தான் கவனமில்லாம வெச்சிட்டேன் சார்”னாங்க. சாயங்காலம் கயிறைத் தொவைச்சி எடுத்துனு வந்து குடுத்தாங்க. ஏங்கா சொல்லலன்னு கேட்டேன். “நீயே சொல்லுவன்னு நெனச்சேன்டா”ன்னாங்க. திட்டியிருந்தா பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன். அன்னையிலருந்து ஒரே பேஜார் மாமா. உக்காந்தா எழுந்துக்கணும்னு இருக்குது, எழுந்தா எங்க போறதுன்னு தெரியல. சோறுகூட நின்னுனே சாப்பிடறேன்.

அக்கா இன்னும் அந்த நூல் வெட்டற மேசையிலதான் இருக்காங்க. சனிக்கெழமை மொதலாளி ஊர்லருந்து வந்ததும் வெச்சிக்கறதா அனுப்பறதான்னு முடிவாம். ஒண்ணையும் நம்பாதவன் நான்னு பீத்திக்கினேன் இல்ல, அதுக்கும் ஒரு விலை இருந்திருக்குது, அதையும் அவங்கதான் குடுத்துனு இருக்காங்க. என்னை நம்பினாங்களே, அதுக்கும் அவங்கதான். என் சட்டப்படி பாத்தா அவங்களுது நல்ல நம்பிக்கைதான். விளைவுதான் இன்னும் வந்து சேரல, கேட் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வருது.

மேனேஜர் தன்சீல் அகமது சார் உங்களோட ஒண்ணா படிச்சவர்னு அம்மா சொன்னாங்க. செருப்பு கட்டச் சொன்னது நீங்கன்னு மட்டும் அவருக்கு ஒரு போன் பண்ணி சொல்லிடுங்க. மீதிய நான் சொல்லிக்கறேன். இதையெல்லாம் உங்ககிட்ட போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா பாதியில சிரிச்சி மழுப்பிடுவேன். எழுதிப் பொட்டியில போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது, இது உங்க கைக்கு வர்றதுக்குள்ள நான் மேனேஜர்கிட்ட சொல்லியே ஆகணும். தபால் பொட்டி ஃபேக்டரி கேட்டுக்கு நாலு கடை முன்னாடி இருக்குது. காலையில மொதல்ல அது, அப்புறம் கேட். தண்ணிய வீட்லயே குடிச்சிட்டுக் கெளம்பறேன்.