கைராசிக்காரரின் இறால்

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் காஜா மொய்தீன் கிட்டே போய் இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். கடப்பாக்கத்தில் அவர் குட்டை இறாலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கொள்முதல் கம்பெனியிலிருந்து வந்திருந்த சிநேகா வேனுக்குள் உட்கார்ந்து, இறால் சதையின் சாற்றைச் சென்சாரில் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளோராம்ஃபெனிக்கால் காட்டுது. ஆன்டிபயாடிக். துளி இருந்தாக்கூட வாங்க மாட்டோம் பாய்."

மூன்று முறை சோதிக்கலாம். மூன்றும் சிவப்பானால் இந்த வருடம் முழுக்க அந்தக் குட்டையைத் தொடமாட்டார்கள்.

"நான் மருந்துக்கடப் பக்கமே போனதில்லம்மா. வூட்ல வேணா கேட்டுப் பாரு," என்றார் மொய்தீன். அது சத்தியமான உண்மை.

ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். எந்த அறுவடையிலும் முதல் இறாலை அவர்தான் எடுக்க வேண்டும், அவர்தான் உரித்துக் கொடுக்க வேண்டும். நேற்று நண்டு கடித்துக் கட்டைவிரல் வீங்கிக் கிடந்தபோதும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது சோதனைக்குப் பெரிய இறாலாகப் பொறுக்கி, குடலை எடுத்து, விரலால் அழுத்தி அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். கருவி முன்னைவிட இரண்டு மடங்கு காட்டியது.

இனி யாரையாவது பிடித்தாக வேண்டும். குட்டைக் காவலுக்கு இருந்த முனிசாமி அகப்பட்டான்.

"தீனியில இன்னாடா கலந்த?"

"நீ குடுத்த தீனிதான் பாய் போட்டேன்."

மொய்தீன் நம்பவில்லை. வேலையை விட்டே போகச் சொன்னார். பத்து வருடமாகக் கூட இருந்தவன், வலையை வேலியில் மாட்டிவிட்டுப் போனான்.

உப்புத்தண்ணீரில் விரல் எரிச்சல் தாங்கவில்லை. மொய்தீன் வீட்டுக்கு ஓடி மனைவி ஜஹனாராவிடம் காட்டிவிட்டு வந்து, பிஸ்மில்லா சொல்லி மூன்றாவது இறாலை உரித்தார். இந்த முறை கருவி விளக்கெரித்ததோடு நிற்காமல் கூவவும் செய்தது.

வேன் போய்விட்டது. ஐஸ் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. கரையில் தனியாக உட்கார்ந்தபோது, முனிசாமியை நினைத்தா இறாலை நினைத்தா என்று தெரியாமல் அவருக்கு அழுகை வந்தது.

போன் அடித்தது. ஜஹனாரா.

"எரிச்சல் அடங்கிச்சா மச்சான்? காலைலருந்து ஒங்க வெரல்ல தடவுறது கண்ணுக்குப் போடுற களிம்பாச்சேன்னு பயந்துகினு இருந்தேன். இப்பதான் கடைல கேட்டேன், புண்ணுக்கும் ஒசத்தியாம். பேரு குளோராம்ஃபெனிக்காலாம்."