ஹரலம்பி நேற்று வரவில்லை

திங்கள்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, பேருந்து நிறுத்தக் கம்பத்தில் இஸ்க்ரா தன் சிறுகதையைப் பார்த்தாள்.

கறுப்புக் கட்டம். மேலே மீசை வைத்த ஒரு வழுக்கைத் தலைப் படம். கீழே, சனிக்கிழமை அவளே தட்டச்சு செய்த முப்பது வரிகள். இடப்பக்கம் ஒரு பல் மருத்துவருக்குக் கண்ணீர் அஞ்சலி. வலப்பக்கம் ஒரு தச்சருக்கு ஆறாம் மாத அஞ்சலி. நடுவில் அவள் கதை. வழக்கமாக எல்லாத் தாளும் கோணலாகத்தான் ஒட்டப்பட்டிருக்கும். இது கண் உயரத்தில், நேராக இருந்தது.

இரண்டு பெண்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி இது?"

"தண்ணி மீட்டர் பாக்க வருவாரே, அவருதான். மூஞ்சியப் பாரு. எங்கயோ பாத்த மாதிரி இல்ல?"

"ஐயையோ, ஆமா! போன மாசம்கூட வந்தாரே!"

போன மாதம் அவர் வந்திருக்க முடியாது. அவர் பிறந்ததே போன வாரம், அவள் கதையில்தான்.

இஸ்க்ரா, கமென்ப்ரோத் நகரின் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தாள். வேதியியல் படித்தவள். ஊரில் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. பல்கேரியாவின் மற்ற சிற்றூர்களைப் போலவே இங்கும் பிறப்பைவிட இறப்பு அதிகம். யார் இறந்தாலும் படத்தோடு ஒரு தாள் வாசற்கதவிலும் கம்பங்களிலும் மரங்களிலும் ஏறும். நாற்பதாம் நாள் புதுத் தாள். ஆறாம் மாதம் இன்னொன்று. வருடம் முடிந்தால் இன்னொன்று. எல்லாவற்றையும் அடிப்பவள் இஸ்க்ரா. ஒட்டுபவர் ஸ்தோயில்.

சனிக்கிழமைகளில் அவள் படிப்பகத்தில் சிறுகதை வகுப்புக்குப் போவாள். நடத்துபவர் தெமெனூகா டீச்சர். ஊர்க்காரர்கள் எழுதியதில் ஐந்து கதைகளை ஆண்டுதோறும் அவர் தேர்ந்தெடுப்பார். அவை புத்தகமாக வரும். இரண்டு வருடமாக இஸ்க்ராவின் கதை வரவில்லை. இந்த வருடம் வந்தே ஆக வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

போன சனிக்கிழமை டீச்சர் அவள் கதையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"வீடு வீடா மீட்டர் பாக்கிற ஹரலம்பியாம். குடுக்கிற ஜாமையெல்லாம் சாப்பிடுவாராம். யாரும் இவரை நம்ப மாட்டாங்கம்மா. உயிரே இல்ல. வெறும் காகிதம்."

வகுப்பு சிரித்தது. இஸ்க்ரா காதுவரை சிவந்தாள்.

"முதல்ல அவருக்கு ஒரு முகம் வேணும். ஏதாவது படத்தைப் பாத்துக்கிட்டு எழுது. நடுவுல இருந்து ஆரம்பி. எதையும் விளக்காதே, படிக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க. ஒரே பக்கத்துல முடி."

அன்று வகுப்பு முடிந்ததும் அச்சகத்துக்குப் போய், ஆய்வுக்கூடத்தில் செய்முறைத் தாளைப் பின்பற்றுவதுபோல இஸ்க்ரா பின்பற்றினாள். முகத்துக்கு, கடையில் வாங்கிய புகைப்படச் சட்டத்தோடு வந்த மாதிரிப் படத்தை எடுத்தாள். (அந்தச் சட்டம் ஊரில் பாதி வீடுகளில் உண்டு. பாதிப் பேர் உள்ளே இருக்கும் படத்தை மாற்றியதில்லை.) 'ஹரலம்பி நேற்று வரவில்லை' என்று ஆரம்பித்தாள். ஏன் வரவில்லை என்று விளக்கவில்லை. 'அடுத்த மாதம் யார் வருவார்?' என்று ஒரே பக்கத்தில் முடித்தாள். அஞ்சலித் தாளுக்கே பழகிய அச்சகக் கணினி தானாகவே கறுப்புக் கட்டம் போட்டது. அச்சு இயந்திரம் தானாகவே இருபது பிரதி எடுத்தது. திங்கள்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று அப்படியே தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

படிக்கிறவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அச்சகத்தில் ஸ்தோயில் பசை வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்தோயில் அண்ணே, தட்டுல இருந்ததை எடுத்து ஒட்டிட்டீங்களா?"

"தட்டுல இருந்தா ஒட்டறதுதானே என் வேலை?"

"ஒரு வரி படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"முப்பது வருஷமா ஒட்டறேன். படிச்சுக்கிட்டு நின்னா பசை காஞ்சிடும்."

"அது என் கதைண்ணே! தயவுசெஞ்சு கிழிச்சிடுங்க."

"செத்தவங்க தாளை மழைதான் கிழிக்கணும். நான் தொட மாட்டேன். வேணும்னா நீ போ."

இஸ்க்ரா வெந்நீரில் வினிகர் கலந்து, ஒரு ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொண்டு போனாள். ரொட்டிக்கடைச் சுவரில் ஒரு மூலை உரிந்து வந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்தது. ரொட்டிக்கடைக்காரி பென்கா.

"வெக்கமா இல்ல உனக்கு? மனுஷன் போய் ரெண்டு நாள் ஆகல!"

"அது கதைங்க. நான் எழுதினது. ஹரலம்பின்னு யாருமே கிடையாது."

"நீ எழுதினியா?" பென்கா கண்களைச் சுருக்கினாள். "மீசையில ஜாம் ஒட்டினா இடது கையால துடைப்பாருன்னு போட்டிருக்கே. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"கற்பனைதான்..."

பென்கா அவள் முகத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். திரும்ப அவள் முகத்தைப் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"கண்ணு, உங்கப்பாவா?"

"இல்லைங்க!"

"சரி சரி. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊருக்கே தெரிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மா கரண்டியைத் தட்டி வைத்தாள்.

"எதிர் வீட்டுக்காரி லிஃப்ட்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எல்லாம் தெரியும் நெதெல்யா, மனசுவிட்டு அழு'ங்கறா. என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

இஸ்க்ரா விளக்கினாள். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மீட்டர் பாக்க வர்றது புதன்கிழமைதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. புதன்கிழமை எனக்கு எப்பவும் பகல் ஷிப்ட்."

மறுநாள் இஸ்க்ரா குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள். ஹரலம்பி என்று ஓர் ஊழியர் இருந்ததே இல்லை என எழுதி வாங்கிவிட்டால் போதும். மேலாளர் மூன்று பதிவேடுகளைப் புரட்டினார். இல்லை. நான்காவதைப் புரட்டினார். வியர்த்தது.

"பேரு இல்லையே."

"அதைத்தான் சார் எழுதிக் கேக்கறேன்!"

"எதைம்மா எழுதச் சொல்றே? ஊரே அழுவுது. அந்த ஆளு பேரே எங்க பதிவேட்டுல இல்லன்னா மேலிடத்துல என்ன கேப்பாங்க? இத்தனை வருஷம் யாருய்யா மீட்டர் பாத்தான்னு கேக்க மாட்டாங்க?" அவர் பதிவேட்டை மூடினார். குரல் தழைந்தது. "நீ கவலைப்படாதே. அப்பாவுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நாங்க செய்யறோம்."

புதன்கிழமை அச்சகத்துக்கு ஓர் ஆர்டர் வந்தது. 'எங்கள் அன்புச் சக ஊழியர் ஹரலம்பி. ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர். குடிநீர் அலுவலகக் குடும்பத்தினர்.' ஐம்பது பிரதி. அடித்தவள் இஸ்க்ரா. படமும் அவளிடம்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவள் உரிப்பதை விட்டுவிட்டு எண்ண மட்டும் செய்தாள். அலுவலகத் தாள்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவள் கதை முப்பத்தொரு இடத்தில் இருந்தது. அவள் எடுத்தது இருபது. இரண்டாம் முறை எண்ணினாள். முப்பத்தொன்று. பழைய இயந்திரம், எண்ணிக்கை பிசகியிருக்கும் என்று நினைத்தாள். மருத்துவமனை வரிசை, ரொட்டி வரிசை, பேருந்து நிறுத்தம் என்று மக்கள் நிற்கும் இடமாகப் பார்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் முன்னும் யாராவது நின்றார்கள். ஒரு கிழவர் கடைசி வரியை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தார். இஸ்க்ரா சற்றுத் தள்ளி, காய்கறி வாங்குபவள்போல நின்று கேட்டாள். பிறகு வேண்டாத முட்டைக்கோஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை, கறுப்புக் கட்டம் இல்லாத ஒரு பிரதியோடு படிப்பகத்துக்குப் போனாள். கூடத்தில் போன வருடக் கதைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்கப்படாமல் அடுக்கப்பட்டிருந்தன. அந்த அடுக்கின்மேல் ஒரு தட்டு. இறந்தவருக்காகச் சர்க்கரை தூவிப் பங்கிடும் அவித்த கோதுமை, சின்னச் சின்னக் காகிதக் குவளைகளில் இருந்தது. தெமெனூகா டீச்சர் கறுப்பு உடையில் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷம் எங்க வீட்டுக்கு வந்தாரு. நான்தான் செர்ரி ஜாம் குடுப்பேன். ஒரு தடவைகூடப் பேரு கேக்கல பாரு."

"டீச்சர், இதைப் படிங்க."

டீச்சர் நின்றுகொண்டே படித்தார். இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அற்புதம்! எவ்வளவு உயிரா இருக்கார் மனுஷன்! என் வகுப்புலயே இப்படி யாரும் எழுதினதில்ல."

"அப்போ இது புத்தகத்துல...?"

"அது முடியாதும்மா."

"ஏன் டீச்சர்?"

"போட்டி கற்பனைக் கதைக்குத்தானே? நீ நடந்ததை அப்படியே எழுதியிருக்கே."

"நடக்கல டீச்சர்! எல்லாமே என் கற்பனை! போன சனிக்கிழமை நீங்கதானே சொன்னீங்க, யாரும் நம்ப மாட்டாங்கன்னு!"

"உண்மைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே." டீச்சர் ஒரு குவளைக் கோதுமையை அவள் கையில் திணித்தார். "அப்பாவை இப்படி மறைக்காதே கண்ணு. அடுத்த வருஷம் கொஞ்சம் கற்பனையும் பழகிக்கோ."

படிப்பக வாசற்படியில் ஸ்தோயில் வாளியோடு உட்கார்ந்து கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்ல." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இவ்வளவு கோபமாக யாரிடமும் பேசியதில்லை. "எல்லாம் உங்களாலதாண்ணே. மூணாவது வருஷமும் போச்சு. அன்னிக்கு ஒரே ஒரு வரி படிச்சிருந்தா இவ்வளவு நடந்திருக்குமா?"

ஸ்தோயில் குவளையைக் கீழே வைத்தார். மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையை இடது கையால் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஹரலம்பி நேற்று வரவில்லை.

"நாலு தடவை படிச்சேன். இருபது பத்தாதுன்னு இன்னும் கொஞ்சம் பிரதி அடிச்சுக்கிட்டுத்தான் ஒட்டக் கெளம்பினேன். அடுத்த கதை எப்பம்மா தர்றே?"