கப்பல் படமும் ஐந்து கதவுகளும்

கடலையே பார்க்காமல், ஒரு கப்பலுக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்தவர் உலகத்திலேயே ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊர் ‘பூட்டு’ ஒருவர்தான்.

இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் நான் பத்தொன்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவன். பூட்டு அங்கே கேட்கீப்பர். படம் தொடங்கியதும் ஓசியில் ஒருவரும் நுழையாதபடி ஐந்து கதவுகளையும் வெளியிலிருந்து பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொள்வார். அதனால் அந்தப் பெயர். நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் தினமும் கேட்பேன். "புக்கிங் சார், நீங்க கவலப்பட்டுக்கினே பூடுவீங்க" என்பார். ஒருமுறை முதலாளியின் மைத்துனரே அவசரத்துக்கு வெளியே போக முடியாமல் பதினெட்டு நிமிடம் கதவைத் தட்டினார். "இடைவேளைல போலாம், குந்து" என்று பதில் வந்தது.

பிறகு வந்தது, பெரிய கப்பல் மூழ்கும் அந்தப் படம், தெலுங்கு பேசிக்கொண்டு. கப்பலில் இருந்த உயிர்காக்கும் படகுகளை நான் எண்ணினேன்; போதவில்லை. கீழ்த்தட்டு ஏழைகள் பூட்டிய கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கும் இடத்தில், வெளியே நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பூட்டு, "டேய், தொறடா பாவி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். தரை டிக்கெட்டில் இருந்த தறிக்காரர்கள் சிரித்தார்கள். அவரோ ஓடிப்போய் ஐந்து கதவுகளையும் திறந்துவிட்டார். மேட்னி வெயில் உள்ளே பாய்ந்தது. திரையில் கப்பலையே காணோம். ஒரே விசில்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் முதலாளி வந்தார்.

"யோவ், பூட்டுறியா, வீட்டுக்குப் போறியா?"

"சாத்தி வெக்கறேன் மொதலாளி. பூட்ட மாட்டேன். உள்ள குந்திக்கினு கீறது நம்ப ஜனம்."

"ஒரே ஒருத்தன் ஓசியில நொழைஞ்சாலும் உனக்கு வேலை கெடையாது. இடைவேளைல புக்கிங் சாரு தல எண்ணுவாரு."

அன்றைய மேட்னியில் ஐம்பத்தெட்டு வயது மனிதர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐந்து கதவுகளுக்கும் மாறி மாறி ஓடினார். இடைவேளையில் எண்ணினேன். டிக்கெட் நானூற்றுப் பன்னிரண்டு. தலை நானூற்றுப் பதிமூன்று. மூன்று முறை எண்ணியும் அதேதான். பொய் சொல்ல எனக்கு வராது; எண்ணியதைப் பூட்டிடம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் தலையில் போட்டிருந்த துண்டை உருவிக்கொண்டு எழுந்தார். முதலாளி!

"பாத்தியா? எவனோ பூந்துட்டான். கெளம்பு!"

பூட்டு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "அது நீங்கதான் மொதலாளி. நாலாவது கதவால துண்டப் போத்திக்கினு வந்தீங்க. கொட்டா உங்களுதாச்சேன்னு வுட்டேன். டிக்கெட்டு எங்க?"

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. முதலாளி என்னிடம் வந்து ஒரு பெஞ்சு டிக்கெட் வாங்கினார். அதைக் கிழித்துக் கொடுத்த கை இது என்று நினைத்தால் இன்றும் எனக்கு மார்பு நிமிர்கிறது. வேலை தப்பியது. பூட்டுகளை முதலாளியே எடுத்துக்கொண்டு போனார்.

படம் முடிந்து, ஜனம் ஐந்து வாசலிலும் கலைந்தது. பூட்டு மட்டும் கதவோரத்திலேயே நின்றார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா சார்?"

"வந்துட்டாங்க. எண்ணிட்டேன்."

அப்போதுதான் படியில் உட்கார்ந்தார். கால் நடுங்குவது தெரியாமல் இருக்க வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்காதவன் போலத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.